குறைந்த வெளிச்சத்தில் படம் ஷார்ப்பாக வர என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பகலில் வெளியே எடுக்கும் படங்கள் நன்றாக வருகின்றன, இருட்டிய பிறகு வீட்டுக்குள் எடுத்தால் எல்லாம் மங்கல், ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது, கையில் இருப்பது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ்தான், எந்த செட்டிங் வைத்தால் படம் ஷார்ப்பாக வரும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன், அப்படி ஒரு செட்டிங் கிடையாது. இருந்திருந்தால் கேமரா செய்கிறவர்களே அதை ஒரு பட்டனாக வைத்துக் கொடுத்திருப்பார்கள். (பல மாடல்களில் வைத்தும் இருக்கிறார்கள், ஆள் உருவத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்ட ஒரு மோட் இருக்கும், அதைத் திருப்பி வைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.) ‘ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/60’ என்று எண்களாகவே பதில் சொல்கிறவர்கள் உண்டு. (ஐஎஸ்ஓ என்பது வந்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு, எஃப் என்பது லென்ஸ் திறந்திருக்கும் அளவு, அதாவது அபெர்ச்சர், 1/60 என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், விநாடியில் அறுபதில் ஒரு பங்கு.) அந்த எண்கள் அவர்கள் நின்ற இடத்துக்கு, அவர்கள் லென்ஸுக்கு, அன்றைக்கு எரிந்த விளக்குக்குச் சரியாக இருந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது எதை முதலில் முடிவு செய்வது, எதை விட்டுக்கொடுப்பது என்கிற வரிசை. அது பிடிபட்டுவிட்டால் எண்களை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கெட்டுப்போன படங்களில் நாலைந்தைக் கம்ப்யூட்டரில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நாலு தனித்தனி நோய், நாலுக்கும் மருந்து வேறு. படத்தில் இருப்பது எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது, தூரத்து விளக்குப் புள்ளிகள் சின்னச் சின்னப் புழு மாதிரி நெளிந்திருக்கின்றன என்றால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர், நாற்காலி எல்லாம் தெளிவாக இருக்க, ஆளின் கையும் முகமும் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது அவர், நீங்கள் இல்லை. முகம் மங்கல், ஆனால் பின்னாலிருக்கும் திரைச்சீலையின் நூல் வரை தெரிகிறது என்றால் ஃபோகஸ் போய் அங்கே உட்கார்ந்துவிட்டது. எதுவும் அசையவில்லை, ஃபோகஸும் சரி, ஆனாலும் தோல், தலைமுடி எல்லாம் மெழுகு பூசினது போல வழவழவென்று இருந்தால், அது கேமராவே புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று விவரங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்ட கதை.

இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் எதுவும் மாறுவதில்லை. ஓடுகிற குழந்தையைப் படமெடுக்க வேண்டும் என்று அதிர்வைத் தாங்கும் லென்ஸாகப் பார்த்து வாங்குவார்கள். அந்த வசதி உங்கள் கை ஆடுவதைத் தாங்கும், குழந்தையை நிற்க வைக்காது.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். ஷட்டர் ஸ்பீடுதான் முதலில். அபெர்ச்சர், ஐஎஸ்ஓ இரண்டும் அதற்கு வேலை செய்யும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்தக் காட்சியில் அசைவதை நிறுத்த எத்தனை ஸ்பீடு வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு, அந்த எண்ணைக் கேமராவிடம் விடாமல் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். தூங்குகிற குழந்தைக்கு 1/60 தாராளம். உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, பேசும்போது கையை ஆட்டுகிறவர் என்றால் 1/200. நடப்பவருக்கு 1/250. மேடையில் ஆடுகிறவர்களுக்கு 1/500 இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் 1/250 வைத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவும் முடிந்து நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எந்த ஆட்டத்திலும் உடல் ஒரு திசையில் போய் அடுத்த திசைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கும், தாளத்தைக் கவனித்தால் அது எப்போது வரும் என்று கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

கை நடுக்கத்துக்குத் தனியாக ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தூரம் (லென்ஸில் மி.மீ என்று எழுதியிருக்கும் எண், உங்களுடையதில் 18 முதல் 55 வரை) 50 என்றால் 1/50, அதைவிடக் குறைந்த ஸ்பீடில் கையில் பிடித்து எடுக்காதீர்கள் என்பது அது. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் (சென்சார் என்பது ஒளியைப் பிடிக்கும் சில்லு, 18-55 லென்ஸோடு வருபவை பெரும்பாலும் இந்த வகைதான்) குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனான் என்றால் 1.6. உங்கள் லென்ஸை 18ல் வைத்தால் 1/30 போதும், 55க்கு இழுத்தால் 1/80க்குக் கீழே போகக்கூடாது. ஃபிலிம் காலத்துக் கணக்கு என்பதால் இன்றைய 24 மெகாபிக்சல் படங்களை முழுசாகப் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதிலிருந்து ஒரு படி மேலே வைப்பது நல்லது. லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வுத் தடுப்பு இருந்தால் இந்தக் கணக்கு நிறையவே தளரும், மூன்று நாலு ஸ்டாப் அளவுக்குக் கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). ஆனால் ஆட்களைப் படமெடுக்கும்போது அந்தச் சலுகையால் பெரிய பலன் இல்லை, 1/15ல் உங்கள் கை நின்றாலும் எதிரே இருப்பவர் மூச்சு விடுவார், கண் சிமிட்டுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேமரா வாங்கிய புதிதில் ஒரு மேடை நிகழ்ச்சிக்குப் போனேன், ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டினால் படம் பாழ் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு 800ல் பூட்டிவிட்டு, அபெர்ச்சர் பிரயாரிட்டியில் (எஃப் நம்பரை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா முடிவு செய்யும்) வைத்து, முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். பின்னாலிருக்கும் சின்னத் திரையில் ஒவ்வொன்றும் அற்புதமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தேறியது பத்து கூட இல்லை. படத்தின் தகவலைத் திறந்தால் ஷட்டர் ஸ்பீடு 1/20, 1/15 என்று இருக்கிறது. கேமரா மீது தப்பே இல்லை, எஃப் நம்பரையும் ஐஎஸ்ஓவையும் நான் கட்டிப்போட்ட பிறகு அதற்கு அசைக்க மிச்சமிருந்தது ஷட்டர் ஒன்றுதான், அதை அசைத்தது. அன்றிலிருந்து அந்தச் சின்னத் திரையை நம்புவதே இல்லை, முக்கியமான இடங்களில் நாலு படம் எடுத்ததும் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

அடுத்தது அபெர்ச்சர். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதுதான், எண் சிறிதானால் வாய் பெரிது. கிட் லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 18ல் வைத்தால் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்கு இழுத்த மாத்திரத்தில் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அதாவது இருட்டில் ஜூம் செய்வது இரட்டை நஷ்டம், வெளிச்சமும் குறைகிறது, கை நடுக்கமும் பெரிதாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் முதல் முன்னேற்றம் இதுதான்: ஜூமைத் திரும்ப அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நீங்கள் நாலு அடி முன்னால் போங்கள். ரொம்பக் கிட்டே போய் முகத்தை 18ல் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், 24, 28 பக்கம் நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் உறைக்கும். இரவில் சாதாரணமாக விளக்கு எரியும் ஒரு அறை, 1/125 ஸ்பீடு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எஃப் 5.6ல் அதற்கு ஐஎஸ்ஓ சுமார் 12,800 வேண்டியிருக்கும். அதே அறையில் லென்ஸை அகலமாக்கி எஃப் 3.5 வைத்தால் 5,000 போதும். எஃப் 1.8 திறக்கும் ஒரு லென்ஸ் இருந்தால் 1,250 பக்கத்தில் முடிந்துவிடும். அறைக்கு அறை இந்த எண்கள் மாறும், ஆனால் இடையிலுள்ள விகிதம் மாறாது, எஃப் 1.8க்கும் 5.6க்கும் இடையே கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். கேமராவையே மாற்றலாமா, பெரிய சென்சாருக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கிப் பார்த்தீர்களா என்பதுதான். பெரிய சென்சார் கொடுப்பது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகம், இந்த லென்ஸ் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கொடுக்கிறது, பல கம்பெனிகளில் இருக்கும் மலிவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குள் என்றால் சிறிய சென்சாருக்கு 50 மி.மீ கொஞ்சம் நெருக்கும், சுவரில் முதுகு முட்டும் வரை பின்னால் போக வேண்டிவரும், 35 வசதி.

ஆனால் வாங்கிய அன்றைக்கே எல்லாரும் செய்யும் தப்பு, எஃப் 1.8லேயே நிரந்தரமாக வைத்துவிடுவது. 50 மி.மீ லென்ஸ், சிறிய சென்சார், எஃப் 1.8, ஆள் 2 மீட்டர் தூரத்தில் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே சுமார் 11 செ.மீதான். 1 மீட்டருக்குக் கிட்டே வந்தால் 3 செ.மீ கூடத் தேறாது, ஒரு கண் தெளிவாக இருந்தால் திரும்பியிருக்கும் மறுகண் மங்கிவிடும். ஒருவரை எடுக்க எஃப் 2, 2.2 என்று லேசாக மூடுங்கள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் என்றால் 2.8, வரிசையாக நாலைந்து பேர் என்றால் 4. அவர்களையும் ஒரே கோட்டில் நிற்கச் சொல்லுங்கள், ஒருவர் அரை அடி பின்னால் போனால் அவர் போச்சு. பெரும்பாலான லென்ஸ்கள் முழுசாகத் திறந்திருக்கும்போது இருப்பதைவிட ஒரு படி மூடினால் இன்னும் கூர்மையாகவும் இருக்கும்.

இப்போது எல்லாரும் பயப்படும் ஐஎஸ்ஓ. புள்ளிகள் வருவதற்கு ஐஎஸ்ஓ காரணம் என்று நினைக்கிறோம், காரணம் வெளிச்சம் இல்லாதது. ஒளி துகள் துகளாகத்தான் சென்சாரில் விழுகிறது, சீராக விழுவதில்லை, மழைத்துளி விழுவது போல இங்கே ஒன்று அதிகம் அங்கே ஒன்று குறைவு. ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் அந்த ஏற்ற இறக்கம் நூறு பக்கம், அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்கே தெரியாது. 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் பத்து, அது பத்து சதவீதம், அதைத்தான் நாம் புள்ளி என்கிறோம். ஐஎஸ்ஓ செய்வது வந்ததைப் பெருக்கிக் காட்டுவது மட்டும். ஆகவே ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதே புள்ளிகள் அங்கே வந்து நிற்கும், பல கேமராக்களில் இன்னும் மோசமாக, நிழல்களில் கலர் திட்டுகளோடு. தேவையான ஐஎஸ்ஓவை எடுக்கும்போதே வைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று, புள்ளியோடு இருக்கும் ஷார்ப்பான படத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. இன்றைய நாய்ஸ் (இந்தப் புள்ளிகளுக்குப் பெயர் அதுதான்) நீக்கும் மென்பொருட்கள் 6400ல் எடுத்ததை நம்ப முடியாத அளவுக்குச் சுத்தம் செய்கின்றன, அதுவும் இல்லாவிட்டால் படத்தைச் சிறிதாக்கினாலே பாதிப் புள்ளி மறைந்துவிடும். 1/15ல் அசைந்துபோன முகத்தை எந்த மென்பொருளும் உருப்படியாக மீட்டுத் தந்து நான் பார்த்ததில்லை, மீட்டேன் என்று தரும் முகம் வேறு யாருடைய முகமாகவோ இருக்கும். 100 சதவீதத்தில் புள்ளியைப் பார்த்துப் பயப்படுவதும் வேண்டாம், 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தைச் சாதாரணத் திரையில் அப்படிப் பார்ப்பது ஒரு சுவரொட்டியை மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பது மாதிரி. நோயைக் கண்டுபிடிக்க அப்படிப் பாருங்கள், படம் நன்றாக இருக்கிறதா என்று தீர்மானிக்க முழுப் படத்தைப் பாருங்கள்.

இதையெல்லாம் கேமராவில் எப்படி வைப்பது? நான் வைப்பது மேனுவல் மோட், அதோடு ஆட்டோ ஐஎஸ்ஓ. ஷட்டர் 1/125, அபெர்ச்சர் லென்ஸ் திறக்கும் அளவு அல்லது அதிலிருந்து ஒரு படி மூடி, இரண்டும் என் கையில், வெளிச்சம் மாற மாற ஐஎஸ்ஓவைக் கேமரா ஏற்றி இறக்கிக்கொள்ளும். உச்ச வரம்பை மட்டும் 6400 அல்லது 12,800 என்று மெனுவில் போட்டுவிடுங்கள், உங்கள் கேமராவுக்கு எது தாங்கும் என்பதை ஒரு ராத்திரி எல்லா ஐஎஸ்ஓவிலும் ஒரே காட்சியை எடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். மேனுவல் மோட் பயமாக இருந்தால் அபெர்ச்சர் பிரயாரிட்டியில் வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு என்று ஒன்று இருக்கும், அதை 1/125 ஆக்குங்கள், கிட்டத்தட்ட அதே பலன். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் ஷட்டரை நீங்கள் வைத்து எஃப் நம்பரைக் கேமராவிடம் விடும் ஷட்டர் பிரயாரிட்டி, ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய லாபம்: இருட்டான காட்சியைக் கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் பகுதி, இருட்டாக விடாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான், கறுப்புத் திரைக்கு முன் ஒருவர் மேல் மட்டும் விளக்கு விழுந்தால் திரையை வெளுக்க வைக்கிறேன் என்று அவர் முகத்தைச் சுட்டுவிடும், அதற்காக வெளிச்சத்தை வீணாகவும் செலவு செய்யும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தீர்மானித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 1 பக்கம் வையுங்கள், முகத்தில் நெற்றி, மூக்கு நுனி வெளுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவு இரவாகவே தெரியும், ஐஎஸ்ஓவும் பாதியாகும். இருட்டாக எடுக்காதீர்கள் என்று முன்னால் சொன்னதற்கு இது முரண் இல்லை, தேவைக்குக் குறைவாக எடுப்பது வேறு, தேவையில்லாததற்குச் செலவு செய்யாமல் இருப்பது வேறு.

ஃபோகஸ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் செட்டிங் எல்லாம் சரியாக வைத்துவிட்டு இங்கே தோற்பவர்கள்தான் அதிகம். ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்வது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரங்களை வைத்து. வெறும் சுவரில், இருட்டுச் சட்டையில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் மோடை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் நடுப்புள்ளிதான் இருட்டில் கெட்டி, ஓரப் புள்ளிகள் பல மாடல்களில் திணறும். அந்தப் புள்ளியைக் கண்ணின் விளிம்பில், சட்டைக் காலர் தோலைத் தொடும் கோட்டில், மூக்குக்கண்ணாடியின் சட்டத்தில் வையுங்கள், அதாவது எங்கே ஓரம் இருக்கிறதோ அங்கே, ஆனால் முகத்தின் அதே தூரத்தில். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு இதையெல்லாம் மறந்துவிடலாம், ரொம்ப இருட்டானால் அதுவும் குழம்பும், அப்போது மறுபடியும் ஒற்றைப் புள்ளி.

நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேமை மாற்றும் பழக்கம் பகலில் ஒன்றும் செய்யாது, எஃப் 1.8ல் கிட்டத்தில் செய்தால் அந்தத் திருப்பலிலேயே ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் நகர்ந்துவிடும். அதற்குப் பதில் கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். எதுவுமே பிடிக்கவில்லை என்றால் செல்போன் விளக்கை ஒரு விநாடி முகத்தின் ஓரமாக அடிக்கச் சொல்லி, ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, விளக்கை அணைத்து எடுக்கலாம், இடையில் நீங்களும் அவரும் நகரக்கூடாது, அவ்வளவுதான். அசையாத பொருள் என்றால் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி வளையத்தைக் கையால் திருப்புவதை விட நம்பகமானது எதுவும் இல்லை.

எல்இடி விளக்குகள் தரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், காரணம் தெரியாமல் கேமரா ரிப்பேர் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னி மின்னி எரிகின்றன, நம் கண்ணுக்குத் தெரியாது. 1/500 போன்ற ஸ்பீடில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, சில நேரம் குறுக்கே பட்டை பட்டையாக வரும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது உச்சம், சென்சாரை அது வரிசை வரிசையாகப் படிப்பதால் ஒவ்வொரு வரிசையும் விளக்கின் வேறு கணத்தில் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/125 அல்லது 1/60. ஃபிளிக்கர் தடுப்பு மெனுவில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

கேமராவைப் பிடிப்பதிலேயே ஒரு ஸ்டாப் ஒளிந்திருக்கிறது. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், வியூஃபைண்டர் இருந்தால் கண்ணோடு சேர்த்து அழுத்தி, பாதி மூச்சு விட்டு நிறுத்தி, பட்டனைக் குத்தாமல் உருட்டி அழுத்துவது. சாய்ந்துகொள்ள தூண், கதவு நிலை எது கிடைத்தாலும் வெட்கப்படாமல் சாயுங்கள். தொடர்ச்சியாக எடுக்கும் மோடில் வைத்து மூன்று நாலு படமாக எடுத்தால், விரல் அழுத்தும் அசைவு முதல் படத்தோடு போய்விடும், இரண்டாவதோ மூன்றாவதோ கூர்மையாக இருக்கும். ஆட்கள் அசையும் பிரச்சினைக்கும் இது உதவும், நாலில் ஒன்றிலாவது அவர் நின்றிருப்பார்.

ட்ரைபாட் வைத்தால் மேலே சொன்ன வரிசை தலைகீழ். எதுவும் அசையாத காட்சிக்குத்தான் அது, கட்டடம், தெரு விளக்கு, வானம். அங்கே ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் எத்தனை விநாடி ஆனாலும் ஆகட்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பட்டனைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் போடுங்கள், டிஎஸ்எல்ஆரில் 1/30 முதல் 1 விநாடி வரையிலான ஸ்பீடுகளில் கண்ணாடி எழும்பும் அதிர்வே படத்தைக் கெடுக்கும், கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்கோ, பின்னாலிருக்கும் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவோ போட்டால் தீரும். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள், பழைய லென்ஸ்களில் அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடி ஆட ஆரம்பிக்கும். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் இரவில் கழற்றி வையுங்கள், விளக்குகளின் பேய் உருவம் வானத்தில் மிதப்பது அதனால்தான். 20 விநாடி எடுத்த பிறகு கேமரா இன்னொரு 20 விநாடி உறைந்து நின்றால் பதறாதீர்கள், நாய்ஸ் நீக்க அதுவே ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கிறது.

வானம் என்றதும் ஒன்று. நட்சத்திரம் கோடாகாமல் புள்ளியாக வர 500ஐக் குவியத் தூரத்தால் வகுங்கள், 18 மி.மீ சிறிய சென்சாருக்கு 27 என்று எடுத்துக்கொண்டால் சுமார் 18 விநாடி. நிலா இதில் சேராது. இருட்டு வானத்தில் இருப்பதால் இரவுப் படம் என்று நினைத்து நீண்ட ஷட்டர் வைத்து வெள்ளை வட்டமாக எடுக்கிறார்கள், அது முழு வெயிலில் கிடக்கும் ஒரு பாறை, எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 போதும்.

ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக: கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பது எனக்குப் பிடிக்காது, தனியாக மாட்டும் ஃபிளாஷை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தால் அறை முழுக்க மெதுவான வெளிச்சம் பரவும். ஃபிளாஷ் மின்னும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்பதால் அதுவே அசைவை உறைய வைத்துவிடும், அறையின் சொந்த வெளிச்சமும் கொஞ்சம் தெரிய 1/60 வைக்கலாம்.

கேமரா எதையும் துடைக்காமல் சென்சாரில் விழுந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மட்டில் எடுங்கள். வழக்கமான ஜேபெக்கில்தான் அந்த மெழுகு முகம் வருகிறது, ஜேபெக்கே வேண்டும் என்றால் மெனுவில் உயர் ஐஎஸ்ஓ நாய்ஸ் குறைப்பைக் குறைந்த நிலைக்கு இறக்கிவிடுங்கள்.

செல்போனில் எடுப்பவர்களும் இதைக் கேட்பார்கள். நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அசையாத காட்சிக்கு அற்புதம், குழந்தைக்கு ஆகாது, அணைத்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் பெரிய சென்சார் இருப்பது 1 எக்ஸ் கேமராவில், இருட்டில் 3 எக்ஸ் தட்டினால் பல போன்கள் சத்தமில்லாமல் அந்த 1 எக்ஸ் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. லென்ஸைச் சட்டைத் துணியிலாவது துடையுங்கள், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வந்தால் பாதி நேரம் அது விரல் ரேகை.

முடிந்தால் இன்று ராத்திரியே ஒரு பொம்மையையோ புத்தகத்தையோ மேசையில் வைத்து, ஒரே ஒரு விளக்கைப் போட்டு, லென்ஸை 18ல் எஃப் 3.5 வைத்து 1/125, 1/60, 1/30, 1/15 என்று ஒவ்வொன்றிலும் ஐந்து படம் கையில் பிடித்து எடுங்கள். அப்புறம் 55க்கு இழுத்து அதே போல ஐந்தைந்து. எந்த ஸ்பீடில் ஐந்தில் நாலு கூர்மையாக இருக்கிறதோ அதுதான் உங்கள் கையின் எல்லை, அதற்கு என் எல்லையோ புத்தகத்துக் கணக்கோ வேண்டியதில்லை. பிறகு வீட்டில் யாரையாவது அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவிட்டு இன்னொரு சுற்று, இந்தத் தடவை 1/60ல் பொம்மை தெளிவாக வந்த இடத்தில் அவருடைய உதடு கலங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள்.